செயின் சா பல்லுக்குக் கையால் அரம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளை கழிப்பது, காற்றில் சாய்ந்த மரத்தைத் துண்டு போடுவது என்று செயின் சாவோடு பல வருடம் பழகியவன் நான். புதிதாக மெஷின் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கும்: பல். மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மரத்தை அறுப்பது அந்தச் சின்னப் பல்தான். அடிக்கடி காதில் விழும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

செயின் மழுங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே விழுவதைப் பாருங்கள். கூர்மையான செயின் மரத்தைச் சீவிச் சீவித் தள்ளும். கையில் அள்ளினால் அவல் போலத் துண்டு துண்டாக இருக்கும். மழுங்கிய செயின் மாவு போலத் தூள் கொட்டும். குறுக்கே அறுக்கும்போது மாவு வருகிறது என்றால் அங்கேயே மெஷினை அணைத்துவிடுங்கள்.

கூர்மையான மெஷின் தன் எடைக்கே மரத்துக்குள் இறங்கும், நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். அமுக்க வேண்டியிருந்தால் பல் போய்விட்டது. எண்ணெய் சரியாக வந்துகொண்டிருந்தும் வெட்டுவாயில் புகை வந்தால் அதுவும் அதே சேதிதான்.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. செயினை வெளிச்சத்தில் வைத்துப் பல்லின் முனையை நேராகப் பாருங்கள். மழுங்கிய முனையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு மின்னும். கூரான முனையில் வெளிச்சம் தங்க இடமே இல்லை, அதனால் கோடு தெரியாது. அரம் போடும்போது அந்த வெள்ளைக்கோடு மறையும்வரை போட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கடையில் கொடுத்து மெஷினில் சாணை பிடித்துக்கொண்டால் போதாதா? கையால் எதற்கு?

நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். சமவெளிக்கு இறங்கும்போது மூன்று நான்கு செயினை மொத்தமாகக் கட்டி ஒரு கடையில் கொடுத்துவிட்டு வருவேன். ஒருமுறை திரும்பி வந்த செயினில் பல்லின் முனையெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அரை நாளில் மழுங்கிவிட்டது. சரி, அரம் போடலாம் என்று உட்கார்ந்தால், அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. ஒரு பல்லில்கூடப் பிடிக்கவில்லை. சாணைக்கல்லை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததில் இரும்பு சூடேறி அதன் பதம் கெட்டுவிட்டது. நீலம் ஓடிய பகுதி முழுவதையும் கழித்தால்தான் அந்தப் பல் உருப்படும். அதற்குள் பாதிப் பல் போய்விடும்.

சாணை மெஷினே கூடாது என்று சொல்லவில்லை. பொறுமையாகத் தொட்டுத் தொட்டு எடுப்பவர் கையில் அது நல்ல கருவிதான். கல்லில் மோதிப் பாழான செயினுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அன்றாட மழுக்கத்துக்கு அது தேவைக்கு மேல் பல்லைத் தின்கிறது. கை அரம் ஒவ்வொரு முறையும் எடுப்பது மிகக் கொஞ்சம். அதைவிட முக்கியம், மழுங்கினால் வத்தலக்குண்டு வரை இறங்க வேண்டியதில்லை. மரத்தடியிலேயே பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எந்த அரம் வாங்குவது?

வட்ட அரம், அதாவது ரவுண்ட் ஃபைல். அளவு செயினைப் பொறுத்தது, மெஷினைப் பொறுத்தது இல்லை. செயின் வந்த அட்டைப்பெட்டியில் அளவு போட்டிருக்கும். பெட்டி போய்விட்டதா? ஒரு ஸ்கேலை எடுத்து அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து பாருங்கள். அதில் பாதிதான் செயினின் பிட்ச், அதாவது செயினின் அளவு.

மூன்று ரிவெட்டுக்குச் சுமார் 16.5 மில்லிமீட்டர் வந்தால் அது 325 செயின், அரம் 4.8 மி.மீ. சுமார் 18.6 வந்தால் 3/8 செயின். இதில் இரண்டு ஜாதி உண்டு. சின்ன மெஷினில் வரும் குட்டைப் பல் 3/8-க்கு 4 மி.மீ. அரம், பெரிய மெஷினில் வரும் முழுப் பல் 3/8-க்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. சுமார் 20.5 வந்தால் 404 செயின், அதற்கு 5.5. நம் பக்கம் தோட்டங்களில் இருப்பது பெரும்பாலும் 325-ம் 3/8-ம்தான்.

இரண்டு அரமாக வாங்குங்கள். கூடவே ஒரு பட்டை அரமும், டெப்த் கேஜ் பார்க்கும் சின்னத் தகடும் வாங்கிவிடுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன். அரத்துக்கு மரக் கைப்பிடி கட்டாயம். பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் இறங்கினால் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாது.

வீட்டில் முக்கோண அரம் இருக்கிறது, அது ஆகாதா?

ஆகாது. அது இரண்டு பேர் இழுக்கும் பழைய ரம்பத்துக்கு. அந்த ரம்பத்தின் பல் முக்கோணம்; செயின் பல்லின் உள்பக்கம் வளைவு. முக்கோண அரம் போட்டால் அந்த வளைவே போய்விடும்.

செயின் பல் ஏன் இப்படி வளைந்து, ஒன்று இடம் ஒன்று வலமாக இருக்கிறது?

இந்த வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-இல் ஒரு அடிக்கட்டையை மரவண்டின் புழு அரிப்பதைக் கவனித்தார். அந்தப் புழு மரநார் போகும் திசை, குறுக்குத் திசை என்று பார்ப்பதில்லை. வளைந்த தாடை இரண்டையும் வைத்து இடமும் வலமுமாக அரித்துக்கொண்டே போகும். அதைப் பார்த்து அவர் செய்த செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த செயின்களின் பல் ரம்பப் பல்லைப் போல மரத்தைக் கீறித்தான் போகும். அதைத் தீட்டுவதே ஒரு பெரிய வேலை. இன்று நம் கையில் இருக்கும் செயினெல்லாம் காக்ஸ் செய்ததன் வழியில் வந்ததுதான்.

அரம் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, பல்லில் மூன்று இடம். மேல் தகட்டின் முனை மரத்தைச் சீவித் தூக்குகிறது. பக்கத் தகட்டின் முனை மரநாரை அறுக்கிறது. இரண்டும் சேரும் மூக்குதான் முதலில் மரத்தைத் தொடும், முதலில் மழுங்குவதும் அதுதான். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு உண்டு, அது மிகக் கடினம். அரம் அறுப்பது அதற்கு உள்ளே இருக்கும் இரும்பை. அதனால்தான் எப்போதும் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அரத்தைத் தள்ள வேண்டும்.

சரி, அரத்தை எப்படிப் பிடிப்பது, எப்படித் தள்ளுவது?

முதலில் மெஷினை அணையுங்கள். கையுறை போடுங்கள். பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, ஆடக்கூடாது. வீட்டில் வைஸ் இருந்தால் அதில் பிடியுங்கள். தோட்டத்தில் வைஸ் ஏது? பக்கத்தில் இருக்கும் அடிக்கட்டையில் மேலிருந்து ஒரு கோடு அறுத்து, மெஷினை அணைத்துவிட்டு, பாரை அந்தப் பிளவில் முதுகு மேலே தெரியும்படி இறக்கி, ஒரு சிராயை ஆப்பாக அடித்துவிடுங்கள். நான் பார்த்தவரை இதைவிட நல்ல வைஸ் மலையில் கிடையாது. செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிவைத்தால் பல் சாயாமல் நிற்கும். செயின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு அரம் போடுங்கள். அடுத்த பல்லுக்குச் செயினை நகர்த்தும்போது மட்டும் பிரேக்கை விடுங்கள்.

எல்லாப் பல்லையும் ஒரு சுற்று பாருங்கள். அதிகம் அடிபட்டது, அதிகம் குட்டையானது எதுவோ அதில் ஆரம்பியுங்கள். மற்றவை அதன் நீளத்துக்கு வர வேண்டும். ஆரம்பித்த பல்லில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் இரண்டாவது சுற்றும் போட்டுவிடுவீர்கள்.

இனி கோணம். பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. பல கம்பெனிகள் பல்லின் மேல் தகட்டில், பின்பக்கமாக, ஒரு சாய்வுக் கோடு பதித்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக அரத்தை வைத்தால் கோணம் தானே வந்துவிடும். அரம் தரைமட்டத்துக்குச் சமமாகப் போகட்டும். சில செயினுக்கு 10 டிகிரி சாய்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், அப்போது மட்டும் சாயுங்கள்.

உயரம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரம் ரொம்பக் கீழே இறங்கினால் முனை கொக்கி போல மெலிந்து, கூராக இருந்தாலும் சீக்கிரம் உடையும். ரொம்ப மேலே நின்றால் முனை மொண்ணையாகி மரத்தில் ஏறாமல் வழுக்கும்.

வலது கையால் பிடியைப் பிடித்து, இடது கை விரல்களால் அரத்தின் நுனியை லேசாகத் தாங்கிக்கொண்டு, முன்னோக்கி ஒரே சீராகத் தள்ளுங்கள். அழுத்தம் பல்லை நோக்கியும், கொஞ்சம் மேல்நோக்கியும் இருக்கட்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கி எடுங்கள்; தேய்த்துக்கொண்டே பின்னால் இழுத்தால் அரத்தின் வாய் போய்விடும். முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுவது ரம்பம் இழுத்த பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். சரியாகப் பிடிக்கும் அரம் ‘சர்ர்’ என்று ஒரே சத்தமாகப் போகும், நுனியில் இரும்புப் பொடி ஒட்டும். கீச்சென்று கத்தினால் அரம் தேய்ந்துவிட்டது, அல்லது குரோமியத்தில் உரசுகிறது.

ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு, எழுந்து மறுபக்கம் போய், மற்றவற்றைப் போடுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் முறுக்கி இரண்டு பக்கமும் போடப் பார்க்காதீர்கள்.

ஒரு பல்லுக்கு எத்தனை தேய்ப்பு? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நாள் கணக்கு வேண்டாம், பெட்ரோல் கணக்கு வையுங்கள். டாங்க் காலியாகி மறுபடி ஊற்றும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு அல்லது மூன்று தேய்ப்பு. 56 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) உள்ள செயினில் 28 பல் இருக்கும், பக்கத்துக்குப் பதினான்கு. மூன்று தேய்ப்பு என்றால் மொத்தம் 84. பழகிய கைக்கு அது பத்து நிமிடத்துக்குள்.

இதை நான் கற்றுக்கொண்டது கஜா புயலின்போது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த புயல் திண்டுக்கல் வழியாக மேற்கே போனபோது எங்கள் பக்கம் நிழல் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. முதல் நாள் முழுவதும், நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், மழுங்கிய செயினை அமுக்கி அமுக்கி அறுத்தேன். சாயங்காலம் இரண்டு கையும் தூக்க முடியவில்லை, அறுத்ததோ கொஞ்சம். கூட வந்த பெரியவர் ஒருவர் இரண்டாம் நாள் காலையில், “தம்பி, எண்ணெய் ஊத்தறப்போ எல்லாம் மெஷினை என்கிட்ட குடு” என்று வாங்கிக்கொண்டார். நான் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் அரம் போட்டுத் திருப்பித் தருவார். அன்று அறுத்தது முந்தின நாளைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. கையும் வலிக்கவில்லை.

முழுக்க மழுங்கும்வரை விட்டால் பத்துப் பதினைந்து தேய்ப்பு போட வேண்டும். அத்தனை தேய்ப்பும் ஒரே அளவாக வராது, பற்கள் ஏற்ற இறக்கமாகிவிடும்.

அறுக்கும்போது வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது, ஏன்?

ஒரு பக்கத்துப் பல் மறுபக்கத்தைவிட நீளமாகவோ கூராகவோ இருக்கிறது. கூரான பக்கம் இழுக்கும், வெட்டு அந்தப் பக்கம் வளையும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் கை தயங்கும். அதனால்தான் இது இவ்வளவு சகஜம். ஸ்கேலை வைத்து இரண்டு பக்கத்துப் பல்லின் மேல் தகட்டையும் அளந்து, நீளமானதை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பல் சரியாக இருந்தும் வளைந்தால் பாரைக் கழற்றிப் பாருங்கள். அதன் இரண்டு விளிம்பில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கும். அப்படி ஆகாமலிருக்க, அவ்வப்போது பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவது நல்லது.

பல்லெல்லாம் கூராகத்தான் இருக்கிறது, ஆனாலும் அறுக்க மாட்டேன் என்கிறதே?

அப்போது டெப்த் கேஜைப் பாருங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் மொட்டையாக ஒரு முளை நிற்கிறதே, அதுதான்.

ஆசாரியின் இழைப்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். உளி அடிப்பலகையைவிட எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவு கனத்துக்குத்தான் சீவல் வரும். உளி எவ்வளவு கூராக இருந்தாலும் வெளியே நீட்டாவிட்டால் பலகைமேல் சும்மா ஓடும். இங்கே பல்தான் உளி, முளைதான் அடிப்பலகை. பல்லின் மேல் தகடு பின்னால் போகப் போகச் சரிந்து தாழ்கிறது. அரம் போடப் போட முனை பின்னால் நகர்கிறது, கூடவே உயரமும் குறைகிறது. முளை மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும், பல்லுக்கு மரமே எட்டாது.

இரண்டுக்கும் நடுவே பெரும்பாலான செயினுக்கு 0.65 மி.மீ. இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஆக்ஸா பிளேடின் கனம். நான்கைந்து முறை அரம் போட்ட பிறகு, கேஜ் தகட்டைச் செயின்மேல் வைத்துப் பாருங்கள். முளை தகட்டின் இடுக்குக்கு மேலே எட்டிப்பார்த்தால் அந்த அளவை மட்டும் பட்டை அரத்தால் தேயுங்கள். பிறகு முளையின் முன்மூலையை மறுபடி வளைவாக உருட்டிவிடுங்கள்.

வேகமாக அறுக்கட்டும் என்று முளையை அதிகமாகத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பல் ஒரே கடியில் அதிக மரத்தை வாங்கிக்கொண்டு திணறும், மெஷின் குதிக்கும். பார் நுனி மரத்தில் தட்டினால் முகத்தை நோக்கி எகிறும். செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் தோட்டங்கள் எல்லாம் சரிவு, பின்வாங்கிக் கால் வைக்கச் சமதரை இருக்காது. கண் அளவில் தேய்க்காமல் கேஜ் தகட்டை வைத்தே தேயுங்கள்.

ஆணியில் பட்டுவிட்டது, என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு வெட்டு போட்டுவிடலாம் என்று தொடர்ந்தால் மற்ற பற்களும் போகும். அடிபட்ட பல்லில் குரோமியம் உரிந்த இடம் மங்கலாகத் தெரியும். அது முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும், பாதியில் விட்டால் பலன் இல்லை. ஒன்றிரண்டு பல் மட்டும் மோசமென்றால், அதற்காக எல்லாப் பல்லையும் குட்டையாக்க வேண்டாம். அவற்றை முடிந்தவரை கூராக்கிவிட்டு, அடுத்தடுத்த முறைகளில் மற்றவை தானே அந்த நீளத்துக்கு வந்துவிடும் என்று விட்டுவிடலாம்.

நம் பக்கம் சில்வர் ஓக் மரம் மென்மையானதுதான், ஆனால் அதில்தான் ஆபத்து அதிகம். மிளகுக்கொடி கட்டிய கம்பி, பழைய வேலி ஆணி எல்லாம் பட்டைக்குள் மூடிப்போய்க் கிடக்கும். வேலியோர மரம் என்றால், அறுக்கும் இடத்தை முதலில் அரிவாளால் செதுக்கிப் பாருங்கள்.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்), வாட்டில், பைன் என்று மரத்துக்கு மரம் தீட்டுவது மாறுமா?

பெரிதாக மாறாது. காய்ந்த கற்பூர மரம் கல் மாதிரி, முடிந்தால் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள். பைனில் பிசின் பல்லில் அப்பும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துவிட்டு அரம் போடுங்கள், இல்லாவிட்டால் அரமும் அடைத்துக்கொள்ளும். உண்மையில் செயினைக் கெடுப்பது மரத்தைவிட மண்தான். சரிவில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் ஒட்டிய செம்மண் ஒரே வெட்டில் பல்லை மொண்ணையாக்கும். மூக்கு சதுரமாக இருக்கும் செயின் வேகமாக அறுக்கும், ஆனால் மண்ணுக்குத் தாங்காது; மூக்கு உருண்ட செயின் கொஞ்சம் மெதுவு, கூர் நிற்கும். தோட்ட வேலைக்கு உருண்ட மூக்கையே வாங்குங்கள்.

இன்னொன்று, சொந்த நிலத்து மரமானாலும் நம் மலையில் வெட்ட அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அது. அனுமதி வாங்கிவிட்டு மெஷினை எடுங்கள்.

அரத்தை எப்படிப் பாதுகாப்பது?

மலை மூட்டத்தில் அரம் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். காய்ந்த துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்; ஒன்றோடொன்று உரசினால் இரண்டுமே மழுங்கும். எண்ணெய் பூசாதீர்கள், பிறகு பல்லில் வழுக்கும். சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புப் பொடி அடைக்காது. வேலை நடுவே அரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். பிடிக்காத அரத்தை வைத்துக்கொண்டு அழுத்திப் போராடாதீர்கள். செயின் விலையோடு ஒப்பிட்டால் அரத்தின் விலை ஒன்றுமில்லை.

செயினை எப்போது மாற்ற வேண்டும்?

மேலே சொன்ன சாய்வுக் கோடு வரை பல் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கோடு இல்லாத செயினில், பல்லின் மிச்ச நீளம் 4 மி.மீ. ஆனதும் போதும். அதற்குமேல் பல் உடைந்து பறக்கும். முழு 3/8 செயினில் பாதிப் பல் தேய்ந்த பிறகு 5.5 அரத்தை விட்டு 5.2-க்கு மாறினால் கடைசிவரை நன்றாக அறுக்கும். ஒழுங்காக அரம் போட்டு, கல்லில் மோதாமல் ஓட்டிய என் செயின்கள் எல்லாம் அந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்பின. ஒரே ஒரு செயினைத்தான் பாதியில் தூக்கிப் போட்டேன், நீலம் பாய்ந்த அந்தச் செயினை.